தலையால் முட்டும் அடிக்கு முடிவு கட்டுங்கள்: நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹிரோஷி தனஹாஷி அவர்களுக்கு,

வணக்கம். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், டோக்கியோவின் கொராகுவென் அரங்கில், நியூ ஜப்பான் நிறுவனத்தின் இளம் வீரர்கள் இருவர் தங்கள் வாழ்வின் முதல் ஆட்டத்தை ஆடினார்கள். ஒருவர் நீங்கள். மற்றவர் கட்சுயோரி ஷிபாட்டா. உங்களோடு ஒரே நாளில் தொடங்கிய அந்த மனிதரைப் பற்றியும், அவரை ஏறத்தாழப் பலிகொண்ட ஓர் அடியைப் பற்றியும்தான் இந்த மடல். 2023 டிசம்பர் முதல் நிறுவனத்தின் தலைவர் பொறுப்பில் இருப்பவர் என்ற முறையிலும், இந்தக் கதை முழுவதையும் ரிங்கின் உள்ளிருந்தே அறிந்தவர் என்ற முறையிலும் உங்களுக்கே இதை எழுதுகிறேன்.

ஷிபாட்டாவின் வாழ்க்கையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதைப் படிக்கும் தமிழ் வாசகர்கள் பலருக்கு அந்தப் பெயர் புதிது என்பதால் சில வரிகள் எழுத அனுமதியுங்கள். மியே மாகாணத்தின் குவானா ஊரில் பிறந்தவர். அவருடைய தந்தை கட்சுஹிசா ஷிபாட்டா, 1972இல் நியூ ஜப்பான் தொடங்கியபோதே அதில் இருந்த மல்யுத்த வீரர். பின்னாளில் அங்கேயே நடுவராகவும் பணியாற்றினார். உயர்நிலைப் பள்ளி மல்யுத்த அணியில் மகனோடு பயின்றவர், பின்னாளில் நியூ ஜப்பான் வீரரான ஹிரூக்கி கோட்டோ. நீங்களும் ஷின்சுகே நகமுராவும் ஷிபாட்டாவும் நிறுவனத்தின் வருங்காலத்தைத் தாங்கப்போகும் மூவர் என்று பேசப்பட்ட காலத்தில், 2005இல், ஷிபாட்டா வெளியேறினார். பிறகு சில ஆண்டுகள் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் மோதினார். அங்கே அவர் பெற்ற வெற்றிகள் நான்கு, தோல்விகள் பதினொன்று. இந்தக் கணக்கைப் பார்த்து அவரைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. தோற்றுக்கொண்டே இருந்தும் அடுத்த ஆட்டத்துக்குத் தயங்காமல் வந்து நின்ற ஒருவரையே நான் அதில் காண்கிறேன்.

2012 ஆகஸ்டில், கலப்புத் தற்காப்புக் கலையில் புகழ்பெற்ற கசுஷி சகுராபாவுடன் அவர் மீண்டும் நியூ ஜப்பானுக்குள் நுழைந்தபோது அதை ஏற்பது உங்களுக்கு எளிதாக இருக்கவில்லை என்பதை அன்றைய ரசிகர்கள் அறிவார்கள். நிறுவனம் நலிந்து, அரங்குகள் பாதி காலியாகக் கிடந்த ஆண்டுகளில் அதைத் தோளில் சுமந்தவர் நீங்கள். அவரோ அந்த ஆண்டுகளில் வெளியே இருந்தவர். அந்த மனத்தாங்கல் பேச்சால் தீரவில்லை. 2014 செப்டம்பரில் கோபே நகரில் நீங்கள் இருவரும் மோதிய பிறகே தீர்ந்தது. இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்தே சமாதானம் ஆகக்கூடும் என்பதை எனக்கு முதன்முதலில் புரியவைத்தது அந்த ஆட்டம்தான். மல்யுத்தத்தைக் கேலி செய்யும் நண்பர்களிடம் இன்றும் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

இனி 2017 ஏப்ரல் 9. அதற்கு முந்தைய மாதம் நியூ ஜப்பான் கோப்பையை வென்றதன் மூலம் கசுச்சிகா ஒகாடாவின் சாம்பியன் பட்டத்துக்கு மோதும் உரிமையை ஷிபாட்டா பெற்றிருந்தார். ரியோகோகு சுமோ அரங்கில் ஆட்டம் முப்பத்தெட்டு நிமிடங்கள் நீடித்தது. அதன் பிற்பகுதியில், ஒகாடாவின் பெயர்பெற்ற ரெயின்மேக்கர் அடியை வாங்கியும் விழாமல் நின்ற ஷிபாட்டா, தன் தலையால் ஒகாடாவின் தலையில் ஓங்கி முட்டினார். இடையில் கை வைக்கப்படவில்லை, வேகம் குறைக்கப்படவில்லை. எலும்பும் எலும்பும் மோதிய ஓசை அரங்கின் ஆரவாரத்தைத் தாண்டிக் கேட்டது. அவருடைய நெற்றியிலிருந்து ஒரு கோடாக ரத்தம் இறங்கியது. அந்த நொடியில் நான் என் அறையில் எழுந்து நின்று கத்தினேன், மகிழ்ச்சியோடு. ஆட்டம் தோல்வியில் முடிந்தது. அவர் ரிங்கைவிட்டுத் தம் கால்களால் நடந்து சென்றார். உள்ளே போனதும் சரிந்து விழுந்தார். மூளையின் மேலுறைக்கு அடியில் ரத்தக்கசிவு என்று கண்டறியப்பட்டு அவசர அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

தலைமுட்டு என்பது மற்ற அடிகளைப் போன்றதன்று என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. தூக்கி எறியப்படும் வீரர், முதுகைப் பரப்பி, கைகளால் தரையை அறைந்து, தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காக்கிறார்; உங்கள் டோஜோவில், அதாவது பயிற்சிக் கூடத்தில், முதல் நாளிலிருந்து கற்பிக்கப்படும் விழும் கலை அதுதான். மார்பில் விழும் அறையை மார்பின் தசை தாங்குகிறது. நெற்றியோடு நெற்றி மோதும்போது விழும் கலையால் பயனில்லை. முட்டுகிறவரின் தலைக்கும் முட்டப்படுகிறவரின் தலைக்கும் ஒரே விசைதான் கிடைக்கிறது. ஓடு நின்றுவிட, உள்ளிருக்கும் மூளை நகர்கிறது; மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே செல்லும் மெல்லிய சிரைகள் அறுகின்றன; ரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறது. இந்தக் கசிவு வெளிப்படச் சில நிமிடங்களோ பல மணி நேரமோ ஆகக்கூடும் என்பதால்தான், அடிபட்டவர் ஆட்டத்தை முடித்து, நடந்தும் போய்விட முடிகிறது.

இந்த இடத்தில் இன்னொரு பெயரைச் சொல்லியாக வேண்டும். தயக்கத்தோடும் மரியாதையோடும் சொல்கிறேன். 2000 ஏப்ரலில், கெசென்னுமா நகரில் நடந்த இளம் வீரர்களுக்கான கோப்பை ஆட்டம் ஒன்றில் மசகசு ஃபுகுடா நினைவிழந்து விழுந்தார். சில நாட்களில் இறந்தார். வயது இருபத்தேழு. அதற்கு முன்பே ஒருமுறை மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, தேறி, மீண்டும் ரிங்குக்கு வந்தவர் அவர். அன்று அவருக்கு எதிரே நின்றவர் ஷிபாட்டா. அறிமுகமாகி ஓராண்டுகூட ஆகாத இளைஞர். ஷிபாட்டாவின் மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை; அவர் ஆடியது வழக்கமான ஆட்டம். ஆயினும் பதினேழு ஆண்டுகள் கழித்து, அதே ஏப்ரல் மாதத்தில், அதே நிறுவனத்தின் ரிங்கில், அதே மனிதரின் மூளையில் ரத்தம் கசிந்தபோது, இடைப்பட்ட காலத்தில் நாம் எல்லோரும் என்ன கற்றுக்கொண்டோம் என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது. ‘நாம்’ என்று எழுதுகிறேன், கைதட்டியவர்களையும் சேர்த்துத்தான்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று ஷிபாட்டா அதே ரியோகோகு ரிங்கில் எதிர்பாராமல் தோன்றி, நடுவில் தம் முதுகில் ஒருமுறை விழுந்து எழுந்து, “உயிரோடு இருக்கிறேன். அவ்வளவுதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார். பிறகு 2018இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டோஜோவின் தலைமைப் பயிற்சியாளரானார். கார்ல் ஃப்ரெடரிக்ஸ், கிளார்க் கானர்ஸ், அலெக்ஸ் காஃப்லின் போன்றோரை உருவாக்கினார். அவருடைய மாணவர் ஃப்ரெடரிக்ஸ் 2019இல் இளம் வீரர்களுக்கான அந்தக் கோப்பையை வென்றபோது, ஃபுகுடா விழுந்ததும் அதே கோப்பைக்கான ஆட்டத்தில்தான் என்பது என் நினைவுக்கு வந்தது, அவருக்கும் வந்திருக்கும். ஷிபாட்டா மீண்டும் ஓர் ஆட்டம் ஆட நான்கரை ஆண்டுகள் ஆயின. 2021 அக்டோபரில் புடோகான் அரங்கில் சாக் சேபர் ஜூனியருடன் ஐந்து நிமிடப் பிடிமுறை ஆட்டம். அடுத்து 2022 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ரென் நரிட்டாவுடன் முழு ஆட்டம்.

அந்த ஜனவரி ஆட்டத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அடிகள் இல்லாத பிடிமுறை விதிகளின்படி நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்த ஆட்டம், மணி அடிப்பதற்கு முன், ஷிபாட்டாவின் விருப்பத்தால் வழக்கமான மல்யுத்த விதிகளுக்கு மாறியது. அரங்கம் மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். மூளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் எந்த விதியில் ஆடலாம் என்பது ரிங்கில் நின்று முடிவு செய்யக்கூடிய செய்தியாகத் தோன்றலாமா? தோன்றக்கூடாது என்பதே என் கருத்து. மல்யுத்த வீரர்கள் ‘போதும்’ என்று சொல்லும் இயல்புடையவர்கள் அல்லர். 2018 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ அருகே உங்கள் வீரர் ஹிரோமு தகஹாஷி கழுத்து முறிந்த நிலையிலும் அந்த ஆட்டத்தை முடித்து, வென்றும் காட்டினார். வீரத்தைப் போற்றுகிறேன், ஆனால் அந்த வீரத்தையே மருத்துவ முடிவாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நியாயமானதாக எனக்குப் படவில்லை.

தலைமுட்டை விலக்கினால், நியூ ஜப்பானை நிறுவிய அன்டோனியோ இனோகி விட்டுச்சென்ற, கடுமையாக மோதி ஆடும் ‘ஸ்ட்ராங் ஸ்டைல்’ மரபு நீர்த்துவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். இதற்கு ஷிபாட்டாவின் வெளிநாட்டு வாழ்க்கையே பதிலாக இருக்கிறது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் ஏஈடபிள்யூ நிறுவனத்தில் அவர் கால்வைத்தார். 2023 மார்ச் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் வீலர் யூட்டாவை வென்று ரிங் ஆஃப் ஹானர் நிறுவனத்தின் ‘ப்யூர்’ பட்டத்தைப் பெற்றார். அந்தப் பட்டத்துக்கான ஆட்டங்களில் முகத்தில் மூடிய கையால் குத்துவது தடை. பிடியிலிருந்து தப்பக் கயிற்றைத் தொடும் வாய்ப்பும் மூன்று முறை மட்டுமே. இத்தனை கட்டுப்பாடுகளுக்குள்ளும் அவர் ஆட்டத்தின் கடுமை குறையவில்லை. பிடியை இறுக்கும்போது அவர் முகத்தில் தெரியும் அமைதியும், மூலையில் சாய்ந்து கிடப்பவரின் மீது ஓடிவந்து இரு கால்களால் பாயும் வேகமும் அப்படியே இருந்தன. விதி ஒன்று கூடியதால் அவர் சிறுத்துப்போகவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. இடையில் கை வைக்காமல் தலையோடு தலை மோதும் அடியை உங்கள் ஆட்டங்களில் எழுத்து மூலம் தடை செய்யுங்கள். உங்கள் டோஜோக்களில் பயில்வோருக்கு முதல் நாளே அதைச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டவரின் ஆட்டத்தை, அது பட்டத்துக்கான ஆட்டமாகவே இருந்தாலும், நிறுத்தும் அதிகாரத்தை ரிங்கின் அருகில் இருக்கும் மருத்துவருக்குக் கொடுங்கள். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை ரசிகர்களும் அறியச் செய்யுங்கள். ஆட்டம் பாதியில் நின்றால் கூச்சலிடாமல் இருக்க நாங்களும் பழக வேண்டும் அல்லவா? இத்தகைய விதிகள் உள்ளே ஏற்கெனவே நடைமுறையில் இருக்குமானால், அவற்றை வெளியிடுங்கள். விதிகளை வகுக்கும்போது ஷிபாட்டாவை அழைத்து அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் இன்று எந்த நிறுவனத்தில் ஆடுகிறார் என்பது இதற்குத் தடையாக வேண்டாம்.

உங்கள் ஓய்வை 2024 அக்டோபரிலேயே அறிவித்து, 2026 ஜனவரி 4 என்று நாளும் குறித்து, ஓராண்டுக்கும் மேலாக ஊர் ஊராகச் சென்று விடைபெற உங்களுக்கு முடிந்தது. அந்தப் பேறு உங்களுக்கு முற்றிலும் தகும். உங்களோடு அதே நாளில், அதே அரங்கில் தொடங்கியவருக்கோ, எல்லாம் ஓர் அரங்கின் உட்பகுதியில், ஒரு மாலைப்பொழுதில், ஒரு வார்த்தைகூடச் சொல்ல வாய்க்காமல் முடிந்திருக்கக்கூடும். இன்று உங்கள் டோஜோவில் விழக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், தங்கள் கடைசி ஆட்டத்தின் நாளைத் தாங்களே குறிக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மரியாதையுடன்,
ஷிபாட்டாவின் ஆட்டங்களைத் தமிழில் பேசிவரும் ஒரு ரசிகர்