அறிக்கையில் ஒரு வரி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வாய்தா குறுக்கே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்.

உன் மகள் என்னைப் போலவே நீதிமன்றத்தில் போதை மறுவாழ்வு ஆலோசகராக வர ஆசைப்படுகிறாள், வரலாமா என்று கேட்டிருந்தாய். 'தாராளமாக வரட்டும்' என்று ஒரே வரியில் எழுதிவிட மனம் வரவில்லை. இந்த வேலையில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

வேலை இதுதான். போதைப்பொருள் வழக்கில் சிக்கியவரைச் சிறையில் தள்ளாமல், நீதிபதியின் கண்காணிப்பிலேயே சிகிச்சை எடுக்க வைக்கிற நீதிமன்றங்கள் இவை. முதலாவது 1989-இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கியது. ஒரே ஆட்கள் ஒரே மாதிரி வழக்கில் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்ததைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்கள்தான் இப்படி ஒரு வழி தேடினார்கள். ஒருவர் முடித்து வெளியேற ஓராண்டாவது பிடிக்கும். கவுன்சிலிங், முன்கூட்டிச் சொல்லாத சிறுநீர்ப் பரிசோதனை, ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாய்தா. வாய்தாவுக்கு முன்னால் நீதிபதி, இரு தரப்பு வக்கீல்கள், நன்னடத்தை அலுவலர், நான் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுவோம். அந்த மேசைக்கு என் அறிக்கை போகும்.

என் தூக்கத்தைக் கெடுப்பது அந்த அறிக்கைதான். கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் என்னிடம் அழுகிறார். அதே வாரம் அவரைப் பற்றி நான் நீதிபதிக்கு எழுதுகிறேன். எதையெல்லாம் சொல்வேன் என்று முதல் நாளே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவோம்: வந்தாரா, பரிசோதனை முடிவு என்ன, முன்னேற்றம் எப்படி. படிவத்தில் படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது வருஷம் ஒரு பையன் வந்தான். அப்பா உயிர் பிரிந்தபோது தான் போதையில் எங்கோ கிடந்ததை, பல வாரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எனக்கு மனசு தாங்கவில்லை. நீதிபதிக்கும் இரக்கம் வரட்டுமே என்று அதை அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன். அவரும் நல்ல எண்ணத்தில்தான், வாய்தாவில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லி ஆறுதல் கூறினார். பின் பெஞ்சில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றான்.

அப்புறமும் அவன் ஒரு நாள் தவறாமல் வந்தான். எல்லாப் பரிசோதனையிலும் தேறினான், திட்டத்தையும் முடித்தான். கணக்கில் அவன் எங்களுக்கு வெற்றி. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு 'சரி மேடம்' என்பதைத் தவிர என்னிடம் அவன் எதுவும் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் 'சரி மேடம்'தான்.

அதிலிருந்து, எழுதும் ஒவ்வொரு வரியையும் சம்பந்தப்பட்டவருக்கே முதலில் படித்துக் காட்டுகிறேன். போன மாதம் ஒரு பெண் வந்தார், இரண்டு பிள்ளைகளின் தாய். உட்காருவதற்கு முன்பே, "நேத்து தொட்டுட்டேன். எழுதுவீங்களா?" என்றார். எழுதத்தான் வேண்டும். மறைத்தால் அப்புறம் நான் சொல்கிற நல்லதையும் யாரும் நம்ப மாட்டார்கள். "எழுதுவேன். என்ன எழுதலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றேன். அரை மணி நேரம் உட்கார்ந்து மூன்று வரி எழுதினோம். 'தானாக வந்து சொன்னார்' என்பதை முதல் வரியாக வைக்கச் சொன்னவர் அவர்தான்.

மேசையில் ஒருவர், நாலு நாள் உள்ளே வைத்தால் புத்தி வரும் என்றார். நான் விடவில்லை. அந்தப் பெண் எடுத்தது ஹெராயின். சில நாள் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், அளவு மிஞ்சிய போதையால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு அந்த மாநிலத்தின் மற்ற மக்களைப்போல 129 மடங்கு இருந்தது. இந்த எண்ணை எத்தனை முறை அந்த மேசையில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நீதிபதி கேட்டுக்கொண்டார். கவுன்சிலிங் நாட்களைக் கூட்டினார், ஹெராயின் தவிப்பை அடக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேச அனுப்பினார். அதற்கும் ஒருவர், ஒரு போதைக்குப் பதிலாக இன்னொரு போதையா என்று முணுமுணுத்தார். சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை நிறுத்து என்று யாராவது சொல்வார்களா? இதை மட்டும் என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை. தவிப்பு அடங்கினால்தானே ஒருவர் உட்கார்ந்து பேசவே முடியும்?

அந்தப் பெண் இப்போது ஐந்து வாரமாகத் தொடவில்லை. நாளை என்ன ஆகும் என்று நான் யூகிப்பதில்லை. கைப்பையில் நலோக்சோன் வைத்திருக்கிறார், அளவு மிஞ்சி மூச்சு அடங்கும்போது உயிரைக் காக்கும் மருந்து அது. அதை மூக்கில் எப்படி அடிப்பது என்று மூத்த மகனுக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறோம். பன்னிரண்டு வயசுப் பையன், இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டான்.

உன் மகளுக்குப் படிப்பு இருக்கிறது, இரக்கமும் நிறையவே இருக்கிறது. அந்த இரக்கம்தான் எனக்குக் கொஞ்சம் பயம், நான் தவறியதும் அதில்தான். விடுமுறையில் அவளை இங்கே அனுப்பி வை. என் அறைக்குள் அவளை உட்கார வைக்க முடியாது. ஆனால் வாய்தா எல்லோருக்கும் பொதுவானது, யாரும் வந்து பார்க்கலாம். ஒரு நாள் காலை முழுக்கப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். பெயர் கூப்பிட்டதும் எழுந்து போகிறவர்களின் முகத்தை மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் முகத்தையும் பார்க்கச் சொல். சாயங்காலம் நாங்கள் இருவரும் பேசிவிட்டு உனக்கு எழுதுகிறோம்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி