காவலர் வரும் நேரமும் காத்திருப்பவர் நிலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவலர் விரைந்து வருவதால் குற்றவாளி பிடிபடுவதில் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை என்று தங்கள் தலையங்கத்தில் எழுதியிருந்த வரியைப் படித்து மிகவும் வருந்தினேன். அதற்குச் சான்றாக, 1970களில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் நடந்த ஆய்வைக் காட்டியிருக்கிறீர்கள். குற்றம் நடந்த உடனே பலரும் காவல்துறையை அழைப்பதில்லை என்று அந்த ஆய்வு கண்டது உண்மையே. பூட்டிய வீட்டில் களவு போனதை மறுநாள் அறிபவருக்குச் சில நிமிட வேகத்தால் பயன் இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், இதோ கதவை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பதறி அழைப்பவரையும் அதே கணக்கில் சேர்ப்பது எந்த வகையில் நியாயம்?

இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, காவலர் வந்துசேரும் நேரம் 10 விழுக்காடு கூடினால் துப்புத் துலங்கும் வாய்ப்பு 4.7 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைகிறது என்கிறது. விரைந்து வந்தால், செய்தவர் இன்னார் என்று பாதிக்கப்பட்டவரோ நேரில் கண்டவரோ சொல்லும் வாய்ப்பு கூடுகிறது. தாங்கள் இதை அறியாதிருக்க மாட்டீர்கள்.

என் வீட்டுக் கதவை ஒருவன் உடைக்க முயன்ற இரவில் நான் அழைத்தபோது, ‘வண்டி வருகிறது’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. காவலர்கள் வந்தபோது அவனும் இல்லை. அவன் ஓடியதைப் பார்த்தவர்களும் கலைந்துவிட்டிருந்தார்கள். வந்த காவலர்கள் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள், அவர்கள்மீது எனக்குக் குறை இல்லை. பின்னர் முறையிட்டபோதோ, வண்டி புறப்பட்டதிலிருந்து கணக்கிட்டு, உரிய நேரத்தில் சென்றடைந்ததாகப் பதில் தந்தார்கள். வண்டி ஒதுக்கப்படும்வரை நான் நடுங்கிக்கொண்டு கதவருகே நின்ற நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

காவல்துறைமீது மக்களுக்குள்ள மனநிறைவு பற்றித் தாங்கள் முன்பு வெளியிட்ட கருத்துக்கணிப்பிலும், அவசர உதவிக்கு அழைத்தவர்களைத் தனியே கேட்கவில்லை. அதைச் சுட்டி நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை. புதிய ரோந்து வாகனங்களின் படத்தை முதல் பக்கத்தில் போட்டபோதும், அழைப்புகளை ஏற்கப் போதிய ஆட்கள் உண்டா என்று தங்கள் செய்தியாளர் கேட்கவில்லை. தாங்கள் காட்டிய அதே கான்சஸ் சிட்டி ஆய்வுதான், மக்களின் மனநிறைவு அவர்கள் எதிர்பார்த்த நேரத்துக்குள் காவலர் வந்தாரா என்பதைப் பெரிதும் பொறுத்தது என்றும் கண்டது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

இனிக் காவல்துறையின் சராசரி நேரத்தை அச்சிடும்போது, அது அழைப்பு வந்ததிலிருந்து கணக்கிடப்பட்டதா, வண்டி புறப்பட்டதிலிருந்தா என்பதை ஒரு வரியில் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்