பேக்கேஜ் வேறு, சம்பளம் வேறு

ஐயா,

கல்லூரி வளாகத் தேர்வுச் செய்திகளில் 'ஆண்டுக்கு இத்தனை லட்சம் சம்பளம்' என்று தங்கள் நாளிதழ் எழுதுகிறது. அந்தத் தொகை சம்பளம் இல்லை. பஞ்சாலை டைம் ஆபீஸில் 31 வருஷம் சம்பளப் பட்டியல் போட்ட நானே இதில் ஏமாந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்குச் சென்னையில் 4,20,000 ரூபாய் சி.டி.சி.யில் வேலை கிடைத்தது. (ஒருவருக்காக நிறுவனம் வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகைதான் சி.டி.சி. பேக்கேஜ் என்பதும் அதுவே.) ஆஃபர் லெட்டர் வந்த அன்றே தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் 12-ஆல் வகுத்து, மாதம் 35,000 என்று எழுதினேன். கல்விக் கடன் தவணை, ஹாஸ்டல் வாடகை, வீட்டுக்கு இவ்வளவு என்று அதிலேயே பிரித்தும் ஆயிற்று. தெருவுக்கே பால்கோவா கொடுத்தாள் என் மனைவி.

முதல் முழு மாதச் சம்பளமாக வங்கியில் ஏறியது 24,025. "அப்பா, தப்பாப் போட்டுட்டாங்களா?" என்று போன் வந்தது. சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டு, ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தை அப்போதுதான் ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படித்தேன். கணக்கில் ஒரு பைசா தப்பில்லை.

4,20,000-ல் 'வேரியபிள்' 42,000. வருஷக் கடைசியில் வந்தால் உண்டு. கம்பெனி பங்கு பி.எஃப். 25,200, கிராஜுவிட்டி (வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடை) 10,100, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 8,700. ஆக 86,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் வராது. மீதியை 12-ஆல் வகுத்தால் 27,833. அதிலும் அவள் பங்கு பி.எஃப். 2,100, தொழில் வரி 208, கம்பெனி பஸ்ஸுக்கு 1,500 பிடித்தம். (பஸ் கட்டணம் அந்தக் கடைசிப் பக்கத்திலும் இல்லை.)

பி.எஃப். போகட்டும், என்றைக்கிருந்தாலும் வட்டியோடு அவள் பணம்தான். கிராஜுவிட்டிதான் உறுத்துகிறது. நிரந்தர வேலையில் இருப்பவர் 5 வருஷ சர்வீஸ் முடிக்காமல் விலகினால் அது கைக்கு வராது. இரண்டு வருஷத்தில் வேலை மாறுகிற பிள்ளைகளுக்கும் முதல் நாளிலிருந்தே அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று பேக்கேஜில் ஏற்றிக் காட்டுகிறார்கள். பரிமாறாத பாயசத்தை விருந்துக் கணக்கில் சேர்க்கிற மாதிரி. எங்கள் மில்லிலும் கம்பெனி பங்கு பி.எஃப். உண்டு, கிராஜுவிட்டி உண்டு. அதையும் உன் சம்பளம்தான் என்று ஒரு தொழிலாளியிடம் சொல்லியிருந்தால் மறுநாளே கேட்டில் கொடி ஏறியிருக்கும்.

அதே வாரம் கோவையிலிருந்து 3,60,000-க்கு ஒரு ஆஃபர் வந்திருந்தது. 60,000 குறைச்சல் என்று நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது எடுத்துப் பார்த்தால் அதில் வேரியபிள் கிடையாது. பேக்கேஜுக்குள் கம்பெனி பி.எஃப். மட்டும், மாதம் 1,800. காப்பீடும் கிராஜுவிட்டியும் தனி. பிடித்தம் போகக் கையில் 26,000 சொச்சம் வந்திருக்கும். அவள் அத்தை வீடும் அங்கேதான் இருக்கிறது.

கையெழுத்துப் போடுமுன், 'மாதா மாதம் வங்கியில் எவ்வளவு ஏறும், மாதிரிச் சம்பளச் சீட்டு அனுப்புங்கள்' என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் போதும். வேலை போய்விடுமோ என்று பிள்ளைகள் கேட்கப் பயப்படுகிறார்கள். கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவே எல்லோருக்குமாகக் கேட்டு வாங்கித் தரலாமே?

தங்கள் செய்தியாளர்களும் இனி 'இத்தனை லட்சம்' என்று ஒரு கல்லூரி சொன்னால், கையில் எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்டு, அந்தத் தொகையையும் பக்கத்திலேயே போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஊழியர்,
ராஜபாளையம்.