லிமசோலிலிருந்து மகனுக்கு

லிமசோல், சைப்ரஸ்
16.02.2025

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கு நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும் என்று திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். வாரந்தோறும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். நீ பேசும்போது கேட்க வேண்டியதெல்லாம் எனக்கு மறந்துவிடுகிறது. நீ வைத்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. படியேறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன் என்று தினமும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுகிறார். மனதில் ஏதாவது இருந்தால் அவர் மாடிக்குத்தான் போவார், உனக்குத் தெரியும். இந்தக் குளிர்காலமும் மழை போதவில்லை. 2008-இல் கிரீஸிலிருந்து கப்பலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்தக் கோடையில் நீ குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துவைத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றினாய். அந்த நிலை மறுபடியும் வந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. கறிவேப்பிலை வழக்கம்போல் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் செத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன், ஏப்ரலில் துளிர்த்துவிடுகிறது.

குண்டுமல்லியை நேற்றுக் கவாத்து செய்தேன். இங்குள்ளவர்கள் அதை ஃபூலி என்று சொல்வதைக் கேட்டு மருமகள் சிரித்தது நினைவிருக்கிறதா? போன முறை நீங்கள் வந்திருந்தபோது திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நாருக்குப் பதிலாகத் தையல் நூலை வைத்துக்கொண்டு, ஒரே மாலையில் பூத்தொடுக்கக் கற்றுக்கொண்டாள். ஊருக்குப் போன பிறகும் ஞாயிறுதோறும் உங்கள் பால்கனித் தொட்டிகளைப் படமெடுத்து அனுப்புவாள். புதினா இவ்வளவு வளர்ந்துவிட்டது, கொத்தமல்லியைப் பூச்சி தின்றுவிட்டது என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருப்பாள். அக்டோபருக்குப் பிறகு படம் எதுவும் வரவில்லை. கிளாஸ்கோ குளிரில் செடி ஏது, படம் ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் பேச வேண்டும் என்று கேட்டால், தூங்குகிறாள் என்கிறாய், வேலைக்குப் போயிருக்கிறாள் என்கிறாய். அப்படியே இருக்கலாம். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவுச் சாப்பாட்டைப் பத்து மணிக்குத் தள்ளாதே. நீ வடிவமைத்த நடைபாலத்தின் படத்தை அப்பா பெரிதாக அச்சிட்டுச் சமையலறையில் ஒட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டு யயாப் பாட்டிக்குக் காட்டினேன். சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, உன் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். ஆற்றின் மேல் பாலம் போடும் பிள்ளைக்குப் பொங்கலன்று அம்மாவை அழைக்க ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையே என்றும் அன்று நினைத்தேன். வேலை அதிகம், எல்லாம் நலம் என்று மறுநாள் ஒரு வரி அனுப்பினாய். அது போதாது.

போன ஞாயிற்றுக்கிழமை யயாவுடன், அவர் வடக்கே விட்டுவந்த ஊரான மோர்புவுக்குப் போய்வந்தேன். நீ நம்ப மாட்டாய். 2003 ஏப்ரலில், தீவைத் துருக்கியர் வடக்கு, கிரேக்கர் தெற்கு என்று பிரிக்கும் எல்லைக் கோட்டில் வழி திறந்துவிட்டபோது, தெற்கே அகதியாக வந்திருந்த எத்தனையோ பேர் மணிக்கணக்கில் வரிசையில் நின்று வடக்கே போய்த் தங்கள் வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். யயா மட்டும், "என் வீட்டுக்குப் போக நான் எதற்குப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும்?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். 22 ஆண்டுகளாக அந்தச் சொல்லிலேயே நின்றவர், தை பிறந்த பிறகு ஒருநாள், 82 வயதும் முடிந்த நிலையில், பேரனை அழைத்து வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ளும் மட்டக்களப்புப் பெண்ணுக்கு வீசாப் புதுப்பிப்பு இன்னும் முடியவில்லை. தாள் கையில் இல்லாமல் கோட்டைத் தாண்டினால் திரும்ப விடமாட்டார்கள் என்று அவள் பயந்தாள். அதனால் துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

ட்ரூடோஸ் மலைவழியாகப் போனோம். உச்சியில் பனி கிடந்தது. நாங்கள் முன்பு வண்டியை நிறுத்திய அந்த வளைவைக் கடக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏன் என்று கீழே எழுதுகிறேன். அஸ்ட்ரோமெரிட்டிஸ் சாவடியில் பேரன் இறங்கி, வடக்குப் பகுதிக்கென்று தனியாக வாகனக் காப்பீடு எடுத்தான். இடையில் ஐ.நா.வின் வெள்ளை வண்டி ஒன்று நின்றது. இங்கு ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கி 1965 டிசம்பரில் இந்தத் தீவிலேயே உயிர்விட்ட ஜெனரல் திம்மய்யாவைப் பற்றி அப்பா எப்போதும் சொல்வாரே, அது நினைவுக்கு வந்தது. யயா தன் அடையாள அட்டையை இரண்டு விரல்களால் பிடித்து ஜன்னல் வழியாக நீட்டினார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அதிகாரியைக் கடைசிவரை பார்க்கவில்லை.

மோர்புவில் இது ஆரஞ்சுப் பருவம். தோப்புகளில் கிளைகள் பழத்தின் பாரத்தால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. இடையிடையே பட்டுப்போன தோப்புகளும் இருந்தன. ஊர்ப் பலகையில் இப்போது குசெல்யூர்ட் என்ற துருக்கிப் பெயர் இருக்கிறது. யயா பலகையைப் பார்க்காமலே இடது, வலது என்று வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தவர் ஒரு துருக்கிய சைப்ரஸ் அம்மாள். பாஃபோஸ் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1975-இல் தெற்கில் இருந்த துருக்கியர்கள் வடக்கே போனபோது அவர் குடும்பத்துக்கு இந்த வீட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். சிறுவயதிலேயே பழகிய கிரேக்கம் என்பதால் யயாவுடன் தடையின்றிப் பேசினார். எனக்கும் முக்கால்வாசி புரிந்தது. காப்பியும், சர்க்கரைப் பாகில் ஊறிய நாரத்தைத் தோலைச் சிறு கரண்டியோடு ஒரு தட்டிலும் வைத்தார். யயா அதைத் தொடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நாங்கள் போகும்போது கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை யார் நிறுத்தினார்கள்?"

1974 ஆகஸ்டில் துருக்கிப் படை வருகிறது என்று கேள்விப்பட்டு, மரங்களுக்கு நீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே, இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்கள் அவர்கள். அந்த அம்மாள் எழுந்து எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். கிணற்று மேடையில் துருப்பிடித்த நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. தாங்கள் வந்தபோதே மோட்டார் இல்லை என்றும், கடல்நீர் ஏறிக் கிணறு உப்பாகிப் பல காலம் ஆகிறது என்றும் சொன்னார். யயா குனிந்து அந்தப் போல்ட்டுகளில் ஒன்றைத் தடவிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் கேட்டார்: "பாஃபோஸில் எங்கள் வீட்டை 2003-இல் போய்ப் பார்த்தேன். கூரை இடிந்து கிடந்தது. உங்கள் ஆட்கள் யாரையும் அங்கே குடிவைக்கவில்லையே, ஏன்? நாங்கள் இந்த வீட்டை அப்படி விடவில்லையே." யயா வெகுநேரம் கழித்து, "எனக்குத் தெரியாது" என்றார். அவர்கள் இருவரும் அழவில்லை, நான்தான் அழுதேன். திரும்பும்போது யயா ஒரு ஆரஞ்சு இலையைப் பறித்துக் கையில் கசக்கி, மலை இறங்கும்வரை முகர்ந்துகொண்டே வந்தார்.

அவர்களுக்கிடையே அவ்வளவு நடந்திருக்கிறது. ஆனாலும் கேட்க வேண்டியதை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்கள். நான் பெற்ற பிள்ளையிடம் எனக்கு அது முடியவில்லை.

அன்று மாலை யயா படுத்த பிறகு, மட்டக்களப்புப் பெண்ணும் நானும் அவர்கள் சமையலறையில் கொலோகாசி உடைத்துக்கொண்டிருந்தோம். நம் சேப்பங்கிழங்குதான், சோட்டிரா ஊர்க் கிழங்கு. இங்கே அதைத் தோல் சீவிய பிறகு தண்ணீரில் காட்டமாட்டார்கள், கத்தியால் நறுக்கவும் மாட்டார்கள்; கத்தியைச் சிறிது இறக்கித் திருகினால் டக்கென்று உடையும், வழவழப்பு வராது. அவளுக்கு 9 வயதில் ஒரு மகள், ஊரில் பாட்டியிடம் வளர்கிறாள். ஒவ்வொரு வாரமும் அந்தப் பிள்ளை, 'நான் நல்லா இருக்கிறன் அம்மா' என்று ஒரே குரலில் சொல்வதாகவும், அழுதால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தக் குரல்தான் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். என் கையில் இருந்த கிழங்கு உடையவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையை விட்டுவர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு இருந்தது.

1998-இல் உன்னை மலைப்பள்ளி விடுதியில் விட்டுவிட்டு நாங்கள் இங்கே வந்தபோது, லிமசோலில் எல்லாப் பள்ளியும் கிரேக்க மொழியில்தான் நடக்கிறது என்று சித்தி வீடுவரை எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். அது பொய். ஆங்கிலப் பள்ளிகள் இருந்தன, கட்டணத்தில் பாதியைத் தருவதாக அப்பாவின் அலுவலகமும் சொன்னது. சேர்க்கைப் படிவம் அந்தப் பச்சைப் பெட்டியில் இன்னும் நிரப்பப்படாமல் கிடக்கிறது. கல்யாணமாகி 13 ஆண்டுகளில் அப்பா சேர்ந்தாற்போல் நான்கு மாதம் கரையில் இருந்ததில்லை; நானும் அவரும் மட்டும் ஒரு வீட்டில் கொஞ்ச காலம் வாழ வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பிள்ளையை அழைத்துக்கொள்ளலாமா என்று அப்பா இருமுறை கேட்டார். படிப்பு கெட்டுவிடும் என்று சொன்னவள் நான்தான்.

கூடத்தில் மாட்டியிருக்கும் ட்ரூடோஸ் படத்தை நீ அறிவாய். பனியில் நானும் அப்பாவும் நிற்கிறோம், நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். மூலையில் ஆரஞ்சு எண்களில் 24 2 01 என்று தேதி விழுந்திருக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் உனக்கு மஞ்சள் காமாலை என்று விடுதியிலிருந்து தொலைபேசி வந்தது. "அம்மா வரட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்மா, எல்லாம் நலம்" என்றாய். உனக்கு அப்போது 14 வயது. நான் அதை நம்பவில்லை, கண்ணா. நம்பியதுபோல் வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கப்பல் பழுதுபார்ப்புக்குப் போயிருந்த அப்பா அப்போதுதான் வீடு வந்திருந்தார். அவரிடம் உனக்கு லேசான காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பனி பார்க்கக் கிளம்பினேன். நீ மூன்று வாரம் படுத்திருந்தாய். வரும்போதெல்லாம் அந்தப் படத்தின் முன் நீ கொஞ்ச நேரம் நிற்பாய். நீ எதைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் நலம் என்று சொல்ல நான்தான் உன்னைப் பழக்கினேன். அன்று அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது. இப்போது அதே சொல்லை அதே குரலில் நீ சொல்லும்போது, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இரவு முழுவதும் விழித்துக் கிடக்கிறேன். அவள் உன்னோடு இருக்கிறாளா? கேட்டுவிட்டேன். தவறு யாருடையது என்று நான் கேட்கமாட்டேன். உன்னுடையதாக இருந்தாலும் சொல், அவளுடையதாக இருந்தாலும் சொல். அவளும் என் பிள்ளைதான். அவள் சம்மதித்தால் அவளுக்கும் தனியாக எழுதுவேன். இரவு பத்து மணிக்குச் சாப்பிடாதே. தனியாக இருந்தால் சமைக்கச் சோம்பல் வரும், அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மஞ்சள் காமாலை விஷயத்தையும் படிவத்தையும் பற்றி அப்பாவிடம் இன்று காலைதான் சொன்னேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிக்கு ஏறிப் போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, தொட்டியின் மூடியைத் திறந்து மூடும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

உன் அறையில் கட்டிலைத் தட்டி விரித்திருக்கிறேன். நீ ஒருவனாக வந்தாலும் இருவராக வந்தாலும் லார்னகா விமான நிலையத்துக்கு அப்பாவும் நானும் வண்டியோடு வருவோம். உப்பேரியில் பூநாரைகள் மார்ச் வரை இருக்கும். பதில் எழுது, ஒரு வரியாக எழுதாதே.

அப்பா படியிறங்குகிறார். மெதுவாகத்தான் இறங்குகிறார். நான் போய்க் கை கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா