எட்டு மணியில் நிற்கும் குமிழ்

கிருஷ்ணகிரி

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. பெரியவள் வேலையில் சேர்ந்த சேதி படித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மாங்காய் சீசன். பெங்களூரா ரகம் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசலில் விடிய விடிய வரிசை கட்டி நிற்கின்றன.

சரி, பிளேயருக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கும் நடுவில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப், அதில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாயே. முதலில் நான் ஏமாந்த கதையைக் கேள். போன வருஷம் பெங்களூரில் ஒரு கடையில் கண்ணாடிக் குழல் ஒளிரும் வால்வு ப்ரீஆம்ப் ஒன்றைப் பார்த்து மயங்கி வாங்கி வந்தேன். இருட்டில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் அழகுதான். ஆனால் சத்தக் குமிழ், கடிகார முள் கணக்கில், எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குப் போவதற்குள் ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் பாட்டுக் கேட்பதோ ராத்திரி பத்துக்கு மேல், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு. குமிழ் எட்டு மணியை விட்டு நகரவே முடியாது. அந்த இடத்தில் பாட்டு இடது பக்கம் சாய்ந்துவிடும். நடுவில் நின்று பாட வேண்டியவர் நகர்ந்து நகர்ந்து துணி அலமாரி ஓரம் போய்ப் பாடுவார். கடைக்காரரிடம் சொன்னால், "நூறு மணி நேரம் ஓடட்டும் சார், செட் ஆயிடும்" என்றார். ஓடியது, ஆகவில்லை.

கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. சி.டி. பிளேயர் 2 வோல்ட் தருகிறது. என் பவர் ஆம்ப் முழுச் சத்தம் போட 1 வோல்ட் சொச்சம் போதும். ஏற்கெனவே மிச்சம் இருப்பதை அந்தப் பெட்டி இன்னும் 10 மடங்கு, அதாவது 20 டெசிபல், பெருக்கியது. பெருக்கியதை நான் குமிழால் அமுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே தண்டில் வரும் சாதாரண வால்யூம் கண்ட்ரோல், அடிமட்டத்தில் இரண்டையும் சமமாகக் குறைக்காது.

இப்போது பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் சாமான் வாங்கி நானே ஒரு பெட்டி கட்டிவிட்டேன். பெருக்கமே கிடையாது, கரண்டும் வேண்டாம். 24 படி சுவிட்ச், படிக்கொரு ரெசிஸ்டர், மொத்தம் 10 கிலோ ஓம். திருப்பினால் டக் டக் என்கிறது. பாடகர் நடுவுக்கு வந்துவிட்டார். என் பவர் ஆம்பின் உள்ளீட்டுத் தடை 47 கிலோ ஓம், பெட்டியின் 10-ஐப் போல நாலு மடங்குக்கு மேல்; கேபிளும் ஒரு மீட்டருக்குள். அதனால்தான் இது சரிப்பட்டது.

ஆனால் உன் கதை வேறு. அப்பாவின் ரெக்கார்டுகள் இருக்கின்றனவே. ரெக்கார்டு ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதை 100 மடங்கு பெருக்கினால்தான் அரை வோல்ட். போதாக்குறைக்கு, ரெக்கார்டில் பதியும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றியிருப்பார்கள். பாஸைக் குறைக்காமல் அப்படியே பதித்தால் பள்ளம் அகலமாக அலைந்து இடத்தைத் தின்றுவிடும். இப்படிப் பெருக்குவதும், குறைத்ததையும் ஏற்றியதையும் திருப்பிச் சரி செய்வதும் ஃபோனோ ஸ்டேஜ் என்ற பெட்டியின் வேலை. 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம்) கணக்குத்தான் இன்றைக்கும். ஆகவே நல்ல ஃபோனோ ஸ்டேஜ் ஒன்றை முதலில் வாங்கு. கேட்டுப் பார். சத்தம் போதவில்லை என்றால் மட்டும் 6 முதல் 10 டெசிபல் பெருக்கும் ப்ரீஆம்ப். அதற்கு மேல் வேண்டாம், வெளிச்சத்துக்கு மயங்காதே!

அப்புறம், 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் வருகிறது என்று எழுதியிருந்தாய். டி.வி.யும் அதே ஆம்பில்தானே இருக்கிறது? கேபிள் டி.வி. ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கேள். எனக்கு அதிலேயே நின்றுபோனது. யாராவது பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றச் சொன்னால் மட்டும் கேட்காதே.

மாங்காய் முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை வா. பென்னாகரத்திலிருந்து தர்மபுரியில் பஸ் மாறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பவர் ஆம்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், நாலு ரெக்கார்டு மட்டும் கொண்டு வா. வெயிலில் பஸ் ஜன்னல் ஓரம் வைத்துவிடாதே, வளைந்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்