ராத்திரி மூச்சுக்கு ஒரு மெஷின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேப்பர் வந்ததும் நான் முதலில் தேடுவது, உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் ‘நாளை மின்தடை’ பகுதியை. நீடாமங்கலம் என்று போட்டிருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

என் மனைவிக்கு 66 வயது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர் எடுத்ததும் பீடி, சுருட்டு உண்டா என்றுதான் கேட்டார். தொட்டதே இல்லை. கொல்லையில் அண்டா வைத்து இருபது வருஷம் நெல் அவித்தவள். உமியும் கருக்காயும் போட்டு எரித்த அடுப்பு. ரைஸ்மில் தூசியில் உட்கார்ந்து கணக்கு எழுதிய நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன ஐப்பசி அடைமழையில் இழுப்பு அதிகமாகி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். விரலில் மாட்டும் கருவி 98 காட்டியது, எங்களுக்குச் சந்தோஷம். மறுநாள் காலை தலை வலிக்கிறது என்றாள். அப்புறம் கூப்பிட்டால் கண்ணே திறக்கவில்லை. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 45-க்குள் இருக்க வேண்டிய கரியமில வாயு 82. இப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் உள்ளே கரியமில வாயு தேங்கிவிடும் என்பது அங்கேதான் தெரிந்தது. விரல் கருவி அந்த வாயுவைக் காட்டாது.

தொண்டையில் குழாய் போடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தோம். போடவில்லை. மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க் ஒன்றை மாட்டி, பைபேப் மெஷினை ஓடவிட்டார்கள். மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தத்திலும், விடும்போது குறைந்த அழுத்தத்திலும் காற்றைத் தள்ளும், அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலை, “காபி இருக்கா?” என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோதும் வாயு 58. சரி, வீட்டிலும் தினம் ராத்திரி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். முதல் ராத்திரி பல்செட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். கன்னம் ஒட்டிப்போய், மாஸ்க் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கண்ணில் அடித்தது. டாக்டரிடம் கேட்டு, இப்போது பல்செட்டோடுதான் படுக்கிறாள். மூக்குத்தண்டில் புண்ணாகாமல் இருக்க ஒரு துண்டு பஞ்சு பிளாஸ்திரி.

மெஷினுக்கு 48,000 ரூபாய். அவளுடைய தோடும் வளையலும் போயின. கூலி வேலை செய்கிறவர் வீட்டில் இதே நோய் வந்தால்? 2017-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றை டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் வாயு குறையாதவர்களை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் ஆக்சிஜன் மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு மறுபடி ஆஸ்பத்திரி அல்லது சாவு என்றாக இடைநிலைக் கணக்கில் (அதாவது பாதிப் பேருக்கு அதற்குள்) 1.4 மாதம், மெஷினும் சேர்த்து வைத்தவர்களுக்கு 4.3 மாதம். இந்த வித்தியாசத்துக்கு என்ன செலவு, எத்தனை படுக்கை மிச்சம் என்று பேரேட்டில் எழுதிப் பார்க்கலாமே!

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பையும் வருகிறது. அந்த வரிசையில் பைபேப்பையும் சேர்த்து, ரத்த வாயுப் பரிசோதனையில் தேவை என்று தெரிகிறவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியிலிருந்தே இரவல் தரலாம். திருப்பி வாங்கி, மாஸ்க்கையும் குழாயையும் மாற்றி, அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

அப்புறம் கரண்ட். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் பகுதியை அணைத்துவிட்டால் பைபேப்பை ஒரு ராத்திரி முழுக்க இன்வெர்ட்டர் தாங்கும். பகலில் அவளுக்கு அளவாக ஆக்சிஜன் கொடுக்க ஓடும் இன்னொரு மெஷின்தான் 300 வாட்டுக்கு மேல் தின்கிறது. காலை 9 முதல் மாலை 5 வரை பராமரிப்பு என்றால் மத்தியானத்துக்குள் பேட்டரி காலி. 2018 கஜா புயலின்போது நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அப்போது அவளுக்கு இந்த மெஷின் தேவைப்படவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். மின்தடை அறிவிப்பை இரண்டு நாள் முன்னதாகப் போட முடியுமா? சிலிண்டருக்குச் சொல்லிவைக்க ஒரு பகலாவது வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரைஸ்மில் கணக்குப்பிள்ளை,
நீடாமங்கலம்