உபவாச அறிவிப்போடு இதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

சென்ற இதழில் உபவாச ஜெபம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களுக்குச் சபைகள் ஆயத்தமாகும் நேரத்தில் நல்ல கட்டுரைதான். ஆனால் யார் உபவாசம் இருக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி கூட இல்லை. மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கும் தவறாமல் போகிறவள். அதனால்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பகுதியில் இந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். பலருக்குச் சர்க்கரை, பிரஷர். சிலர் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்துவிடுகிறார்கள். வேறு சிலர் அன்றைக்கு மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கிற கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை 70க்கும் கீழே இறங்கிவிடலாம். உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். பாட்டும் கைத்தட்டலுமாக இருக்கிற கூடத்தில் இதை யார் கவனிப்பது? நடுங்குகிற அம்மாவைச் சுற்றி நின்று, ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்று இன்னும் சத்தமாக ஜெபிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் அவருக்குத் தேவை மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேதத்தில் எஸ்தர் ராணி இருந்ததைப் போல, எஸ்தர் உபவாசம் என்று மூன்று நாள் தண்ணீர் கூட குடிக்காமல் இருக்கச் சொல்கிற சபைகளும் இருக்கின்றன. நம் ஊர் மார்ச், ஏப்ரல் வெயிலில், சிறுநீரகம் பலவீனமான ஒருவருக்கு அது என்ன செய்யும் என்று சொல்கிறவர்கள் யோசிக்க வேண்டும். கர்ப்பிணிகளையும், பால் கொடுக்கிற தாய்மாரையும், காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களையும் இதே வரிசையில் உட்கார வைக்கலாமா?

இப்படிக் கேட்டால் விசுவாசக் குறைவு என்கிறார்கள். சரி, வேதத்துக்கே வருவோம். 1 சாமுவேல் 14ஆம் அதிகாரத்தில், யுத்த நாளில் சாயங்காலம் வரை ஒருவனும் சாப்பிடக் கூடாது என்று சவுல் ராஜா ஜனங்களுக்கு ஆணையிடுகிறான். ஜனங்கள் இளைத்துப்போகிறார்கள். அந்த ஆணை தெரியாத அவன் மகன் யோனத்தான் கோலின் நுனியால் கொஞ்சம் தேனைத் தொட்டு வாயில் வைக்கிறான். அவன் கண்கள் தெளிந்தன என்று எழுதியிருக்கிறது. சர்க்கரை இறங்கியவருக்கு இனிப்பு கொடுத்து, கண்ணில் வெளிச்சம் திரும்புவதைப் பார்த்த எந்தச் செவிலியருக்கும் இந்த வசனம் மறக்காது. என் தகப்பன் தேசத்தைக் கலக்கப்படுத்தினார் என்று யோனத்தான் சொல்வதையும் சேர்த்து வாசியுங்கள். தலைமையில் இருக்கிறவர் மற்றவர்களின் பலத்தை யோசிக்காமல் விதித்த உபவாசம் அது. எலியா தீர்க்கதரிசியின் கதையும் உடம்பின் பலத்தைப் பற்றியதுதான். நாற்பது நாள் நடப்பதற்கு முன்பு தேவதூதன் அவனை இரண்டு தரம் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான்.

பழைய சபைகள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் வருஷச் சட்டப்படி ஒருசந்தி, அதாவது உபவாசம், இருக்கும் கடமை 18 வயது முடிந்தவர்களுக்கு. 59 வயது முடிந்ததும் அந்தக் கடமை இல்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்ற விதியிலிருந்தும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் விலக்கு உண்டு. தண்ணீரும் மருந்தும் யாருக்குமே தடையில்லை. வாரந்தோறும் புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்த மெத்தடிஸ்ட் சபைகளின் முன்னோடி ஜான் வெஸ்லி கூட, அவரவர் பலத்துக்குத் தகுந்தபடிதான் உபவாசிக்க வேண்டும், உடம்பை அழித்து ஆத்துமாவுக்கு உதவி தேடக் கூடாது என்று பிரசங்கித்தார். அவரை யாரும் விசுவாசத்தில் குறைந்தவர் என்று சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இதைவிட வேதனை தருவது இன்னொன்று. உபவாசம் இருக்க முடியாத நோயாளிகள் குற்ற உணர்வோடு நடமாடுகிறார்கள். மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, மகனுக்கு வேலை அமையவில்லை; நான் உபவாசம் இருக்காததால்தானோ என்று கேட்கிறார்கள். நோயில் கிடந்த தன் குழந்தைக்காகத் தாவீது ராஜா ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்தும் குழந்தை பிழைக்கவில்லையே. அவன் எழுந்து, குளித்து, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, பிறகு சாப்பிட்டான். உபவாசம் ஆண்டவருக்கு நாம் கட்டும் விலை இல்லை என்பதைப் பிரசங்க மேடையிலிருந்துதான் சொல்ல வேண்டும்; செவிலியர் சொன்னால் அவர்கள் மனசு ஆறாது.

உபவாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜெபத்தில் உட்காரும்போது மனசு அலையாமல் நிற்பதை அனுபவிக்கிறவள்தான் நானும். ஆனால் 2ஆம் நூற்றாண்டு ரோமாபுரிச் சபையில் எழுந்த ஒரு நூலில், உபவாச நாளில் சாப்பிடாமல் விட்ட உணவின் விலையைக் கணக்குப் பார்த்து விதவைக்கோ அநாதைக்கோ கொடு என்று இருக்கிறது. வேதத்தில் ஏசாயா 58ஆம் அதிகாரமும் இதைத்தானே கேட்கிறது! மாத்திரையோடு வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டிய பாட்டியும் இதைச் செய்யலாம். மத்தியானச் சாப்பாட்டில் பாதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. அவர் முழுசாகச் சாப்பிட வேண்டும். லெந்து முழுக்க மீனும் பலகாரமும் வாங்காமல் அந்தக் காசை எடுத்து வைக்கலாம். சாயங்கால சீரியலை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் ஜெபிக்கலாம். இவர்களுடைய உபவாசமும் உபவாசம்தான் என்று போதகர்கள் பேர் சொல்லி அறிவிக்க வேண்டும்.

அறிவிப்புத் தாளில் இரண்டு வரி போதும்: மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம், மருந்தை நிறுத்த வேண்டாம். கூடத்தின் ஓரத்தில் ஒரு பானைத் தண்ணீர், ஒரு டப்பா சர்க்கரை, கொஞ்சம் கஞ்சி இருக்கட்டும். அதைக் குடிக்க எழுந்து போகிறவரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய இதழில் ஒரு மருத்துவரிடம் கேட்டு இதைப் பற்றி விவரமாக ஒரு பக்கம் வெளியிடுவீர்களா?

ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை